மழைக்காய்க்கு எழுதாத விதி

காலை ஆறு மணி நாற்பது நிமிடம். முதலில் தெரிந்தது ஆவி. தகரக் கூரைக்குக் கீழே ஒரு சின்ன ஜன்னலிலிருந்து அது வெள்ளையாக வெளியே வந்துகொண்டிருந்தது. ஆவிக்குள் ஒரு முகம் இருந்தது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் மூங்கில் ஏணியில் நின்று, கண்ணை மூடி, இடது கன்னத்தை ஜன்னலுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். சிறிது நேரம் கழித்துப் புறங்கையால் கன்னத்தைத் துடைத்து, கையைத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னும் ஈரங் கெடக்கு" என்றார், கீழே நின்ற கணவரிடம். கணவர் தலையாட்டிவிட்டு விறகு பிளக்கப் போனார்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. போடியிலிருந்து மதுரைப் பத்திரிகை ஒன்றுக்கு ஏலக்காய் விலை சொல்வது என் வேலை. ஏலம் நடக்கும் நாட்களில் விலையைக் குறித்துக்கொண்டு, தபால் நிலையத்தில் டிரங்க் கால் போட்டுக் காத்திருந்து சொல்ல வேண்டும். அந்த வருடம் காய்ப்பு எப்படி என்று நேரில் பார்த்து எழுதச் சொல்லியிருந்தார்கள். ஏலத்துக்கு வந்தவர்களில் மூன்று பேரைக் கேட்டேன். மூன்று பேரும், குரங்கணிக்கு மேலே ஸ்டோர் வைத்திருக்கிற அக்காவைப் போய்ப் பார் என்றார்கள்.

மலையில் ஸ்டோர் என்றால் கடை அல்ல. பறித்த பச்சைக்காயைக் கம்பிவலைத் தட்டுகளில் பரப்பி, அடுப்புச் சூட்டை இரும்புக் குழாய்களில் சுற்றவிட்டு, ஒன்றரை நாள் உலர்த்துகிற வீடு. காய் பச்சை நிறம் மாறாமல் காய்ந்தால்தான் வெளிநாட்டுக்குப் போகும். பழுத்துப் போனால் உள்ளூர் மளிகைக் கடைக்கு. அந்தச் சரிவில் பதினோரு சிறு விவசாயிகள். யாருக்கும் சொந்த ஸ்டோர் இல்லை. எல்லோருடைய காயும் கோவேறு கழுதை முதுகில் அக்காவிடம் வந்தது. அக்காவின் காய் இலை நிறத்தில் போடிக்கு இறங்கியது.

எப்படி என்று அன்று கேட்டேன். ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டே சொன்னார்.

"சூடு ஏறுனதும் காய் வேர்க்கும் தம்பி. அந்த வேர்வைய வெளிய விடணும். ஜன்னலத் தொறந்தா ஆவி வரும். கன்னம் நனையறது நின்னா மூடிருவேன்."

"எத்தனை மணி நேரம்?"

"மணிய யாரு பாத்தா? கன்னம் நனையறது நின்னா மூடுவேன்."

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் இந்தத் தொழிலைச் சொல்வதைவிட வேறொன்றைச் சொல்ல வேண்டும். தனக்கு யார் என்ன செய்தாலும் அதே அளவில் திருப்பிச் செய்வார். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நாள் மட்டும் தள்ளிப்போகும். "எனக்கு எப்பிடியோ, அப்பிடி" என்பார். இதைக் கோபமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. ரயில் புறப்படும் நேரத்தைச் சொல்வது போலச் சொல்வார்.

போடி பஸ் நிலையத்தில் ஒரு டீக்கடைக்காரர். ஒருமுறை அக்கா காய்ச்சலோடு பஸ்சுக்குக் காத்திருந்தபோது, கடைக்குள் பெஞ்சு போட்டு மத்தியானம் முழுதும் படுக்கவிட்டிருக்கிறார். ஆறு வருடம் கழித்துக் காற்றில் அந்தக் கடையின் கூரை பறந்தது. மறுநாள் அக்கா கணவரோடு இறங்கி வந்தார். பழைய தகரம் பன்னிரண்டு, ஆணி, சுத்தியல். கணவர் கூரை மேய்ந்தார், அக்கா கீழே நின்று தகரத்தை எடுத்துக் கொடுத்தார். முடிந்ததும் டீ குடிக்கச் சொன்னார் கடைக்காரர்.

"வேணாம்ணே. அன்னைக்கு நெழல் குடுத்தீங்க. இன்னைக்கு நெழல் குடுத்துட்டேன். டீ குடிச்சா அது தனியா நிக்கும்."

இன்னொன்று. மூட்டையைப் பிரித்து வியாபாரிகள் மாதிரிக்கு ஒரு கை அள்ளிப் பார்ப்பது வழக்கம். அள்ளியது திரும்ப மூட்டைக்குள் போகாது, அதுவும் வழக்கம். ஒரு தரகர் அக்காவின் மூட்டையில் இரண்டு கையாலும் அள்ளினார். அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். நாலு மாதம் கழித்து அந்தத் தரகர் புது வீடு கட்டிக் குடிபோனார். வாசலில் சந்தனம், குங்குமம், தட்டு நிறையக் கற்கண்டு. விருந்தாளிகள் இரண்டு விரலால் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். அக்கா இரண்டு கையாலும் அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டார்.

"என்ன மதினி, வீட்ல சீனி இல்லையா?" என்றார் தரகரின் மனைவி, சிரித்தபடி.

"இருக்கு. ஒங்க வீட்டுக்காரருக்கு இது எதுக்குன்னு தெரியும்."

தரகருக்குத் தெரிந்தது. அதன் பிறகு ஒரு கைதான். அந்தக் கதை சந்தையில் பல வருடம் ஓடியது. சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

அக்காவிடம் சரக்கு எடுத்தவர் போடியில் ஒரே ஒருவர். பெரிய கமிஷன் கடை வைத்திருந்தவர். எல்லோரும் அவரை முதலாளி என்போம். அக்கா மட்டும் அண்ணே என்பார். இருவருக்கும் நடுவில் பத்துப் பன்னிரண்டு வருடமாக ஒரு ஏற்பாடு இருந்தது. ஒரு வரி எழுத்து இல்லை. துண்டுக்குள் கையைப் பிடித்து விரலால் பேசி முடித்தது. அக்கா வேறு எந்தக் கடைக்கும் சரக்குக் கொடுக்கக் கூடாது. முதலாளி அந்தச் சரிவில் சொந்தமாக ஸ்டோர் போடக் கூடாது. அதோடு திங்கட்கிழமைச் சேதி.

திங்கட்கிழமைதோறும் கழுதைக்கார முத்தையா சரக்கோடு போடிக்கு இறங்குவார். அக்கா அவர் வாயில் சேதி சொல்லி அனுப்புவார். யார் தோட்டத்தில் பூ நிறைய நிற்கிறது, எங்கே தண்டுப் பூச்சி விழுந்திருக்கிறது, அடுத்த பறிப்புக்கு எத்தனை மூட்டை தேறும், மழை எத்தனை நாள் பெய்தது. முதலாளி பதில் சேதி அனுப்புவார். பம்பாய்க்காரர் எந்த அளவுக் காய் கேட்கிறார், எதைப் பின்னால் அனுப்பலாம், எதை உடனே கொண்டா. முத்தையாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு சேதியையும் அவர் மாற்றிச் சொன்னதில்லை. "என் கழுதைக்குத் தெரிஞ்ச வழி, என் நாக்குக்கும் தெரியும்" என்பார்.

அக்காவின் சேதியால் முதலாளிக்கு எந்த வாரம் எவ்வளவு வரும் என்பது மற்ற வியாபாரிகளுக்கு முன்பே தெரிந்தது. முதலாளியின் சேதியால் அக்கா எதைப் பெரிய தட்டில் போடுவது, எதைச் சின்னத் தட்டில் போடுவது என்று முடிவு செய்தார். இரண்டு பேரும் நன்றாக இருந்தார்கள். அதனால்தான் நடந்தது பலருக்கும் முதலில் புரியவில்லை.

ஒரு சித்திரையில் அக்காவின் ஸ்டோருக்கு மேலே, பாதை ஓரத்தில், ஆட்கள் கடைக்கால் தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஒன்றல்ல, இரண்டு இடத்தில். எந்த இரண்டு இடம் என்பதுதான் விஷயம். போன வருடம் யார் யார் தோட்டத்தில் பூ நிறைய நின்றது என்று அக்கா சொல்லி அனுப்பினாரோ, அந்தத் தோட்டங்களுக்கு நேர் கீழே. பதினோரு பேரில் எட்டுப் பேரின் காய் அந்த இரண்டு இடத்தையும் தாண்டாமல் அக்காவிடம் வர முடியாது.

அக்கா போடிக்கு இறங்கினார். அன்று ஏல நாள், நான் கடையில் இருந்தேன். நின்றுகொண்டே கேட்டார்.

"அண்ணே, மேல கட்டறது யாரு?"

முதலாளி பேனாவை மூடி வைத்தார். "நாந்தான். ஏன்?"

"அந்தச் சரிவுல கட்டமாட்டேன்னு கை புடிச்சீங்க."

"பிடிச்சேன். காலம் மாறுது தங்கச்சி. எழுதியா குடுத்தேன்?"

 "இல்ல மொதலாளி" என்றார் அக்கா. கடையில் இருந்தவர்கள் கவனித்திருப்பார்களா என்று தெரியாது. அண்ணே என்று அவர் கூப்பிட்டது அன்றோடு கடைசி.

அந்த வாரம் முத்தையா சேதியில்லாமல் இறங்கினார். அடுத்த வாரமும். "வெறும் வாயோட எறங்கறது எனக்கே ஒரு மாதிரியா இருக்கு" என்று என்னிடம் சொன்னார்.

முதலாளியின் புது ஸ்டோர்கள் அந்த வருடமே புகைய ஆரம்பித்தன. விவசாயிகள் அங்கேயே காயை இறக்கினார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. பச்சைக்காய் கனமானது, பாதை வழுக்கும், அக்காவின் ஸ்டோர் இன்னும் ஒரு மணி நேரம் கீழே. அக்காவுக்கு மூன்று பேரின் காய் மிஞ்சியது. அடுப்பு வாரத்துக்கு ஒருநாள் எரிந்தது. கணவர் பிளந்த விறகு கூரை உயரம் அடுக்கிக் கிடந்தது.

ஆனால் முதலாளியின் காய் பச்சையாக வரவில்லை. வைக்கோல் நிறத்தில் வந்தது. ஆட்களை மாற்றினார், அடுப்பை மாற்றினார், மூணாறுப் பக்கத்திலிருந்து ஒரு மேஸ்திரியைக் கொண்டுவந்தார். அவர் ஈரத்தை மலையாளத்தில் ஈர்ப்பம் என்பார்; "ஈர்ப்பம் அதிகம், ஈர்ப்பம் அதிகம்" என்று சொல்லிக்கொண்டே ஒரு பருவம் முழுதும் காயைக் கருக்கினார். பம்பாயிலிருந்து கடிதம் வந்தது, பழைய நிறம் எங்கே என்று கேட்டு.

தை மாதம் ஒருநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். குமாஸ்தாவுக்கு உடம்பு சரியில்லை, உங்கள் கையெழுத்து நன்றாக இருக்கும், கொஞ்சம் மேலே வர முடியுமா என்றார். அவர் பையில் முத்திரைத் தாள் இருந்தது. போகும் வழியெல்லாம், அக்கா ஒப்புக்கொள்ள மாட்டார் என்று நினைத்துக்கொண்டே ஏறினேன். அக்கா உடனே ஒப்புக்கொண்டார்.

"எழுதியா குடுத்தேன்னு கேட்டீங்கல்ல. எழுதிக் குடுங்க" என்றார்.

மத்தியானம் இரண்டு மணி. அக்காவின் ஸ்டோர் வாசலில் கவிழ்த்துப் போட்ட கூடை மேல் பலகை வைத்து எழுதினேன். சேதி சுருக்கமானது. அக்கா தை மாதத்தில் பத்து நாள் மேல் ஸ்டோர்களில் நின்று, ஆட்களுக்குக் காய் உலர்த்தும் முறையைச் செய்து காட்ட வேண்டும். முறை என்ன என்பது விதிவிதியாக இந்தத் தாளிலேயே எழுதப்பட வேண்டும். பதிலுக்கு, ஒரு வருடத்துக்கு, மேல் ஸ்டோர்களில் சேரும் காயில் மூன்றில் ஒரு பங்கை முதலாளி அக்காவின் ஸ்டோருக்கு அனுப்ப வேண்டும்.

அக்கா சொல்லச் சொல்ல ஒன்பது விதிகள் எழுதினேன். காயைக் கழுவுவது, சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் முக்குவது, தட்டில் எத்தனை அடுக்குப் பரப்புவது, என்ன விறகு. ஏழாவது விதி ஜன்னல். "கன்னம் நனையறது நின்னா மூடணும்" என்றார்.

முதலாளி சிரித்தார். "என் ஆளுங்க கன்னத்த வச்சு நான் என்ன பண்றது? பாதிப் பேரு தாடிக்காரன். மணி சொல்லுங்க."

"மணி சொல்லச் சொன்னா மணி சொல்றேன். சூடு ஏறுன நாலு மணி நேரங் கழிச்சுத் தொறக்கணும். மூணு மணி நேரம் தொறந்திருக்கணும். அப்புறம் மூடிறணும்."

எழுதினேன். எழுதும்போது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. "எல்லா மாசத்துக்கும் இதே மணிதானா அக்கா?" என்று கேட்டேன்.

அக்கா வாயைத் திறந்தார். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். "அதான் சொல்றாங்களே, எழுதுங்க தம்பி. நாலு மணி ஜீப்ப விட்டா ராத்திரி குரங்கணியிலதான் கெடக்கணும். வெரசா முடிங்க."

அக்கா வாயை மூடிக்கொண்டார். நான் எட்டாவது விதிக்குப் போனேன்.

கடைசியில் முதலாளி ஒரு வரியைத் தானே சொல்லி எழுத வைத்தார். மதுரை வக்கீல் ஒருவர் சொல்லிக் கொடுத்தது என்றார். 'இத்தாளில் எழுதியது தவிர, இதற்கு முன் வாய்மொழியாகப் பேசிய எதுவும் இரு தரப்பையும் கட்டாது. எழுதாத எதையும் ஒருவர் மற்றவரிடம் கேட்பதற்கில்லை.' துண்டுக்குள் கை பிடித்த பழைய ஏற்பாட்டை அழிப்பதற்கான வரி அது. வாசித்துக் காட்டினேன்.

"இன்னொருக்கா படிங்க தம்பி" என்றார் அக்கா.

படித்தேன்.

"ரெண்டு பேருக்கும்தானே?"

"ரெண்டு பேருக்கும்தான்" என்றார் முதலாளி.

அக்கா கையெழுத்துப் போட்டார். நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.

பத்து நாளும் அக்கா மேல் ஸ்டோர்களுக்குப் போனார். ஒரு நாள்கூட நேரம் தவறவில்லை. ஒன்பது விதிகளையும் ஒளிக்காமல் செய்து காட்டினார். தை மாதம், நல்ல வெயில், கடைசிப் பறிப்பு. காய் இலை நிறத்தில் வந்தது. முதலாளி தாளை என்னிடமே இரண்டு பிரதி எழுதி வாங்கி, இரண்டு ஸ்டோரிலும் கண்ணாடி போட்டு மாட்டினார். எட்டாம் நாள் நான் போயிருந்தேன். ஆட்கள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஜன்னலைத் திறந்தார்கள், கடிகாரத்தைப் பார்த்து மூடினார்கள்.

அடுத்த ஆடியில் முதல் பறிப்பு. மூன்றில் ஒரு பங்கு அக்காவுக்கு வந்தது. மூட்டையைக் கொட்டிப் பார்த்தால் பிஞ்சு, சொத்தை, வெடித்த காய். நல்ல காய் ஒன்றுகூட இல்லை. அக்கா முத்தையாவைப் போடிக்கு அனுப்பி முதலாளியிடம் கேட்டுவரச் சொன்னார். முத்தையா திரும்பி வந்தபோது நான் அங்கே இருந்தேன்.

"என்ன சொன்னாரு?"

முத்தையா தலையைச் சொறிந்தார். "மூணுல ஒரு பங்குன்னுதான் எழுதியிருக்கு. எந்தப் பங்குன்னு எழுதலயேன்னாரு."

"திருப்பிச் சொல்லு."

"மூணுல ஒரு பங்குன்னுதான் எழுதியிருக்கு. எந்தப் பங்குன்னு எழுதல."

"சிரிச்சாரா?"

"சிரிச்சாரு."

அக்கா பிஞ்சையும் சொத்தையையும் தனித்தனியாகப் பொறுக்கி, அதற்கும் அடுப்பு மூட்டி, அதற்கும் ஏணியில் ஏறிக் கன்னத்தை வைத்துப் பார்த்து உலர்த்தினார். தாளில் இருந்த தன் பக்கத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. பதினேழு நாள். மழைக்காக நிறுத்தினால் காய் செடியிலேயே வெடிக்கும், அதனால் நனைந்துகொண்டே பறித்தார்கள். அதுதான் அந்த வருடத்தின் பெரிய பறிப்பு. மழையில் பறித்த காய் வேறு மாதிரி. தோல் காய்ந்தாலும் உள்ளே இருக்கிற அரிசி, அதாவது விதை, ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஜன்னலை மூடின பிறகு, மறுநாள் காலை, அந்த ஈரம் திரும்பவும் வேர்க்கும். இரண்டாம் முறை திறக்க வேண்டும். இது எனக்கு அப்போது தெரியாது. சரிவில் ஒருவருக்குத்தான் தெரியும்.

மழையின் பத்தாம் நாள். குடையும் சாக்குமாக நான் அக்காவின் ஸ்டோரில் ஒதுங்கியிருந்தேன். முத்தையா கழுதைகளை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார்.

"அக்கா, மேல் ஸ்டோர் ஆளுங்க கேட்டுட்டு வரச் சொன்னாக. மழையா ஊத்துது, காய் ஒரு மாதிரி கனமா இருக்கு. இதுக்கு ஏதாச்சும் பக்குவம் இருக்கானு."

அக்கா தட்டில் காயைக் கிளறிக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"எழுதுனதுல இருக்கானு பாக்கச் சொல்லு."

"பாத்தாகளாம். இல்லையாம்."

"அப்ப இல்ல."

முத்தையா என்னைப் பார்த்தார். நான் மழையைப் பார்த்தேன். ஏழாவது விதி என் கையெழுத்தில் மேலே இரண்டு சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்று சொல்ல முடியாது.

முத்தையா போன பிறகு அக்கா ஏணியில் ஏறி, மூடியிருந்த ஜன்னலைத் திறந்தார். ஆவி வந்தது. கன்னத்தைக் காட்டினார்.

முதலாளியின் காய் பார்வைக்கு அற்புதமாக இருந்தது. அவ்வளவு பச்சை. தீபாவளிக்கு முன் கறுப்புப் பிளாஸ்டிக் உறை போட்ட சாக்குகளில் கட்டி, ஏலத்துக்குக்கூட விடாமல் நேராகப் பம்பாய்க்கு லோடு அனுப்பினார். ஐந்து வாரத்தில் லாரி அதே சாக்குகளோடு திரும்பி வந்தது. கடை முற்றத்தில் பிரித்தபோது காலை பத்தேகால். முதல் சாக்கில் கையை விட்டவர் உடனே வெளியே எடுத்தார். விரல்களில் வெள்ளைப் பூஞ்சை. இரண்டாவது சாக்கும் அப்படித்தான். மூன்றாவதிலிருந்து யாரும் கைவிடவில்லை, கவிழ்த்தே பார்த்தார்கள். சந்தைக்காரர்கள் வாசலில் கூடி நின்றார்கள். யாரோ "கற்கண்டு ஞாபகம் இருக்கா மாப்ளே?" என்று கேட்டார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

முதலாளி மறுநாளே மேலே ஏறினார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார், சாட்சி என்பதால். நான் அவரை அவ்வளவு மூச்சு வாங்கிப் பார்த்ததில்லை.

"தெரிஞ்சே செஞ்சிருக்க. கோர்ட்டுக்கு இழுப்பேன். மழைக்காய்க்குத் தனிப் பக்குவம் உண்டுன்னு நீ சொல்லியிருக்கணும்."

"கடைசி வரியப் படிங்க தம்பி" என்றார் அக்கா.

படித்தேன்.

"எழுதாத எதையும் கேக்கறதுக்கில்ல. ரெண்டு பேருக்கும்னு நீங்கதான் மொதலாளி சொன்னீங்க. தம்பி அன்னைக்கு எல்லா மாசத்துக்கும் இதானான்னு கேட்டாரு. சொல்ல வாயத் தொறந்தேன். ஒங்களுக்கு ஜீப்புக்கு நேரமாச்சு."

முதலாளி ஏதோ சொல்லப் போனார். அக்கா தொடர்ந்தார். குரல் உயரவில்லை.

"பத்து வருசம் திங்கக்கெழம தவறாம ஒங்களுக்குச் சேதி சொன்னேன். மழை எத்தன நாளுன்னு சொன்னேன். எந்த மூட்டையப் பொறுத்துக் கட்டணும்னு சொன்னேன். அதுல எது எழுதுனது? சொல்லுங்க, எது எழுதுனது?"

முதலாளி அன்று மாலை ஜீப்புக்கு முன்பே இறங்கிவிட்டார். தை பிறக்குமுன் மேல் ஸ்டோர்கள் இரண்டையும் பூட்டினார். தகரத்தையும் குழாய்களையும் யாரோ மேகமலைக்காரர் வாங்கிப் போனதாகக் கேள்விப்பட்டேன்.

அக்காவின் முகத்தில் அந்த நாட்களில் நான் பார்த்தது மகிழ்ச்சி என்று எழுத மாட்டேன். ஒரு வேலையைச் சரியாக முடித்தவரின் முகம். கணவர் அடுக்கியிருந்த விறகைக் கலைத்து, புதிதாக அடுக்கச் சொன்னார். எட்டுப் பேரின் காயும் திரும்ப வரும் என்று தட்டுகளைக் கழுவி வெயிலில் சாய்த்து வைத்திருந்தார். கேலிக்கும் குறைவில்லை. "பம்பாய்க்காரனுக்குப் பூஞ்சக்காளான் புடிக்காதாம்ல" என்று முத்தையாவிடம் சொல்லி, முத்தையா சிரிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

முத்தையா அந்தத் தடவை சிரிக்கவில்லை. "சின்னச்சாமி வந்திருக்காருக்கா" என்றார்.

சின்னச்சாமி அந்த எட்டுப் பேரில் ஒருவர். இரண்டு ஏக்கர் ஏலக்காய்த் தோட்டம். மேல் ஸ்டோரின் ஏற்பாடு எப்படியென்றால், விவசாயியின் காயை உலர்த்திக் கடை முத்திரையில் விற்று, விற்ற பிறகுதான் விவசாயிக்குக் கொடுப்பார்கள். விற்காத காய்க்கு ஒன்றுமில்லை. உன் காய் ஈரக்காய் என்று சொல்லி, முதலாளி எட்டுப் பேரையும் கைகழுவிவிட்டார். பூஞ்சை பிடித்த சாக்குகளில் நாலு மூட்டை சின்னச்சாமியுடையது. அந்த வருடம் அவர் பறித்ததில் பெரும்பகுதி அதுதான்.

அவர் உள்ளே வரவில்லை. வாசல்படிக்கு வெளியே நின்றார். அக்காதான் முதலில் பேசினார்.

"மேல போனப்ப என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா சின்னச்சாமி?"

"இல்லக்கா. கேக்கல. தூரம் கொறச்சல்னு போயிட்டேன். அது என் தப்பு."

"அப்புறம்?"

"மழையில ஒருநா காலையில இந்த வழியா எறங்குனேன். ஒங்க ஜன்னல் தொறந்து ஆவி வந்துச்சு. முந்துன நா சாயங்காலமும் தொறந்திருந்தது எனக்குத் தெரியும். ரெண்டாவது தடவ எதுக்குனு யோசிச்சேன்." ஏணியைக் கையால் காட்டினார். "நீங்க ஏணியில நின்னீங்க. என்னையப் பாத்தீங்க. ஏதாச்சும் இருந்தா சொல்லுவீங்கன்னு நெனச்சுப் போயிட்டேன்."

அக்கா கழுவி வைத்திருந்த தட்டு ஒன்றை எடுத்து முந்தானையால் துடைத்தார். 

"மொதலாளி ஒங்களுக்குச் செஞ்சாரு, நீங்க அவருக்குச் செஞ்சீங்க. சரி. நான் ஒங்ககிட்ட எந்தத் தாள்லயும் கையெழுத்துப் போடலயே அக்கா."

"அடுத்த பறிப்ப இங்க கொண்டா" என்றார் அக்கா. "ஒன் காய மொதத் தட்டுல போடறேன்."

"இல்லக்கா. யாரு எதச் சொல்லாம விட்டாகன்னு நெனச்சுக்கிட்டே பறிக்க முடியாது." செருப்பை மாட்டிக்கொண்டார். "வர்றேன்" என்றார்.

எட்டுப் பேரில் மூன்று பேர் அடுத்த ஆடியில் அக்காவிடம் காய் கொண்டுவந்தார்கள். சின்னச்சாமி அந்தக் கோடையிலேயே ஏலச்செடிகளைத் தூரோடு பிடுங்கிவிட்டுக் காப்பிக் கன்று ஊன்றினார். பின்னாலேயே மற்ற நாலு பேரும் ஊன்றினார்கள். காப்பிக் கொட்டையை வெயிலில் பரப்பினாலே காய்ந்துவிடும். அதற்கு ஸ்டோர் தேவையில்லை.